சர்ரே குன்றுகளில் கிராவல் சைக்கிள்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லண்டனிலிருந்து சுமார் ஒரு மணி நேர டிரெயின் பயணத்தில் சர்ரே ஹில்ஸ் வந்துவிடும். டார்க்கிங்கிலோ கில்ஃபோர்டிலோ இறங்கினால், தார்ச்சாலையை அதிகம் தொடாமல் நாள் முழுக்கக் காட்டுக்குள்ளும் குன்றின் மேலும் கிராவல் சைக்கிள் (வளைந்த ஹேண்டில்பாரும், மண்பாதைக்கேற்ற அகலமான டயரும் உள்ள சைக்கிள்) ஓட்டலாம். இதைத் தொடங்கியபோது எனக்குக் கிடைத்த அறிவுரையெல்லாம் சைக்கிளைப் பற்றியே இருந்தது: கார்பனா, அலுமினியமா, எத்தனை கியர். எந்தப் பாதையில் ஓட்ட அனுமதி உண்டு, எந்த மண் எந்த மாதத்தில் ஓட்டத் தகும், எந்த ஸ்டேஷனில் சைக்கிளைத் தோளில் தூக்க வேண்டும் என்பதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் பாழாவது பெரும்பாலும் இவற்றால்தான். அதனால் இந்தக் கட்டுரையில் சைக்கிளுக்குக் கொஞ்ச இடம்தான். பாதைக்கும் மண்ணுக்கும் செலவுக்கும் அதிக இடம்.

1. வரைபடத்தின் கோடுகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இங்கிலாந்தில் கண்ணுக்குத் தெரிகிற பாதையிலெல்லாம் சைக்கிள் ஓட்ட முடியாது. பொதுவழி உரிமை நான்கு வகைப்படும். ஃபுட்பாத் நடப்பவர்களுக்கு மட்டும். பிரைடில்வேயில் நடப்பவர்கள், குதிரையில் வருபவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள் மூவரும் போகலாம். ரெஸ்ட்ரிக்டட் பைவேயில் இவர்களோடு குதிரை வண்டியும் போகலாம், மோட்டார் வண்டி கூடாது. எல்லா வாகனங்களுக்கும் திறந்த பைவேயில் ஜீப்பும் மோட்டார் சைக்கிளும்கூட வரும். நமக்கு வேண்டியவை பின்னால் சொன்ன மூன்றும்தான்.

வழிக்கம்பங்களில் உள்ள அம்புக்குறியின் நிறத்தை மனப்பாடம் செய்துவிடுங்கள். மஞ்சள் என்றால் ஃபுட்பாத். நீலம் பிரைடில்வே, ஊதா ரெஸ்ட்ரிக்டட் பைவே, சிவப்பு பைவே. நீல அம்பு நேராகவும் மஞ்சள் அம்பு வலப்பக்கமும் காட்டும் கம்பத்தில், வலப்பக்கப் பாதை எவ்வளவு அழகாக இருந்தாலும் நேராகவே போங்கள். ஃபுட்பாத்தில் ஓட்டுவது பொதுவாகக் கிரிமினல் குற்றம் அல்ல. ஆனால் நில உரிமையாளரைப் பொறுத்தவரை அது அத்துமீறல். உங்களை நிறுத்தித் திட்ட அவருக்கு முழு உரிமையும் உண்டு, சிலர் அதை விரும்பியே செய்கிறார்கள். ஸ்காட்லாந்தில் சைக்கிள் ஓட்டிப் பழகிய நண்பர் யாராவது ‘எங்கே வேண்டுமானாலும் போகலாம்’ என்றால் நம்பாதீர்கள். அங்கே சட்டம் வேறு.

பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசை வரைபடம் 1:25,000 அளவில், ஆரஞ்சு அட்டையோடு வரும். டார்க்கிங், பாக்ஸ் ஹில், லீத் ஹில் பகுதிகளுக்கு எண் 146, கில்ஃபோர்டு பக்கத்துக்கு எண் 145. இதில் பொதுவழிகள் பச்சைக் கோடுகளாக இருக்கும்: குட்டையான கோடுகள் ஃபுட்பாத், நீளமான கோடுகள் பிரைடில்வே. அச்சு வரைபடத்தை வாங்கினால் அதே வரைபடத்தைக் கைபேசியில் இறக்கிக்கொள்வதற்கான குறியீடும் உள்ளே இருக்கும். அதைச் சுரண்டிப் பார்க்காமல் புத்தக அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் நிறைய. சட்டப்படி இறுதியான பதிவு கவுண்டி கவுன்சிலிடம் உள்ள வரையறுத்த வரைபடம். சர்ரே கவுன்சில் தன் பொதுவழி வரைபடத்தை இணையத்திலும் வைத்திருக்கிறது. சந்தேகம் வந்தால் அங்கே பாருங்கள்.

பொறி ஒன்று இங்கே இருக்கிறது. பாதை வகுத்துத் தரும் செயலிகள், மற்றவர்கள் அதிகம் ஓட்டிய தடங்களைப் பார்த்து வழி காட்டுகின்றன. ஹோம்பரி ஹில்லில் அப்படி அதிகம் ஓட்டப்பட்ட தடங்கள் ‘பேரி நோஸ் பெஸ்ட்’ போன்ற மவுன்டன் பைக் தடங்கள். வேரும் மண்மேடும் திருப்பமும் நிறைந்த அவற்றில் வளைந்த ஹேண்டில்பாருடன் இறங்குவது கைக்கும் பல்லுக்கும் நல்லதல்ல. செயலி வரைந்த பாதையை முதல் நாள் இரவே எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தின் மேல் வைத்து, ஒவ்வொரு துண்டும் எந்த வகை என்று சரிபாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

இன்னொன்று: ‘நார்த் டவுன்ஸ் வே’ என்று பலகை இருப்பதாலேயே சைக்கிளுக்கு அனுமதி என்று நினைக்க வேண்டாம். அந்த நெடும்பாதை சில இடங்களில் பிரைடில்வே, சில இடங்களில் வெறும் ஃபுட்பாத். தெற்கே வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர் ஓடும் சவுத் டவுன்ஸ் வேயில் இந்தத் தொல்லை இல்லை. முழுவதும் சைக்கிளில் போகலாம். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் குழப்பிக்கொள்கிறவர்கள் பலர்.

2. மண்ணைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மற்ற எதைத் தாண்டினாலும் இந்தப் பகுதியைத் தாண்டாதீர்கள்.

சர்ரே ஹில்ஸில் வடக்கிலிருந்து தெற்கே போகப் போக, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் மண் மூன்று முறை மாறுகிறது. வடக்கே ரான்மோர், பாக்ஸ் ஹில் இருக்கும் வரிசை வெள்ளைச் சுண்ணப்பாறை. அதன் தெற்கே, ஏ25 சாலை ஓடும் பள்ளத்தாக்கில் களிமண் பட்டை ஒன்று குறுக்கிடுகிறது. அதைத் தாண்டினால் லீத் ஹில், ஹோம்பரி, பிட்ச் ஹில் நிற்கும் மணற்கல் முகடு. முகட்டின் தெற்குச் சரிவில் இறங்கினால் வீல்டு எனப்படும் சமவெளி. அங்கே மறுபடியும் கனத்த களிமண்.

வெள்ளைப்பாறை காய்ந்திருக்கும்போது ஓட்ட அருமையானது: கெட்டியான தரை, வேகமான சக்கரம். மழை பெய்தால் அதன் மேல்பரப்பு சோப்புத் தேய்த்த குளியலறைத் தரையைப் போல ஆகிவிடும். ஏறும்போது பின்சக்கரம் சுழன்றுகொண்டே நிற்கும். இறங்கும்போது பிரேக் பிடித்தாலும் சைக்கிள் போய்க்கொண்டே இருக்கும். போதாததற்கு, அந்தப் பாறைக்குள் சிக்கிமுக்கிக் கற்கள் பதிந்திருக்கின்றன. உடைந்த விளிம்பு கண்ணாடித் துண்டின் கூர்மை. மழைக்குப் பிறகு அவை மேலே எழும்பி, டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். இந்தக் குன்றுகளில் பஞ்சருக்கு முக்கியக் காரணம் ஆணியோ முள்ளோ அல்ல, இந்தக் கல்தான்.

மணற்கல் முகடு தண்ணீரை உறிஞ்சிவிடும். முந்தின நாள் மழை பெய்திருந்தாலும் ஹர்ட்வுட் காட்டின் அகலமான வண்டிப்பாதைகள் பெரும்பாலும் ஓட்டும்படியாக இருக்கும். அதன் குறை கோடையில் தெரியும்: நீண்ட வறட்சியில் மணல் உதிர்ந்து சக்கரத்தை இழுக்கும். அப்போது ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், எடையைப் பின்னே வைத்து, மிதிப்பதை நிறுத்தாமல் போக வேண்டும்.

களிமண்ணைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. நவம்பர் முதல் மார்ச் வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே மண் அடைத்து, சக்கரம் சுற்றுவதே நின்றுவிடும். குச்சியால் தோண்டி எடுத்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான்.

எனவே மே முதல் செப்டம்பர் வரை எங்கே வேண்டுமானாலும் போங்கள். ஏப்ரலும் அக்டோபரும் வானிலையைப் பொறுத்தவை. குளிர்காலத்தில் மணற்கல் முகட்டோடு நின்றுகொள்ளுங்கள். நீலமணிப் பூக்கள் காட்டுத்தரையை மூடியிருப்பதைப் பார்க்க விரும்பினால் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரங்கள் வரை சரியான காலம். அந்த வார இறுதிகளில் நடப்பவர் கூட்டமும் அதிகம் என்பதை நினைவில் வையுங்கள்.

நேரத்தையும் கணக்கிடுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகிறது. டிசம்பர் நடுவில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காட்டுக்குள் அதற்கும் முன்னதாகவே இருட்டும். ஏற்ற இறக்கமுள்ள மண்பாதையில் புதியவர்கள் மணிக்கு 12 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவது பத்திரம். சாலையில் 25 ஓட்டுகிறவர்களும் இதை மீறி நம்பிக்கை வைக்க வேண்டாம்.

3. சைக்கிள், செலவு, காகிதங்கள்

புதிய கிராவல் சைக்கிள் ஓரளவு நன்றாக வேண்டுமென்றால் சுமார் 1,000 பவுண்டிலிருந்து ஆரம்பம். பார்க்க வேண்டியவை மூன்றே: 45 மில்லிமீட்டர் டயர் நுழையும் இடம், டிஸ்க் பிரேக், முன்பல்சக்கரத்தை விடப் பெரிய பின்பல்சக்கரம் ஒன்று (முன்னே 40 பற்கள் என்றால் பின்னே 42 அல்லது 44). கடைசியாகச் சொன்னது இல்லையென்றால் ஏற்றங்களில் தள்ளிக்கொண்டுதான் போவீர்கள்.

வேலையில் இருப்பவர்கள் ‘சைக்கிள் டு வொர்க்’ திட்டத்தில் வாங்கலாம். வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்திலிருந்து தவணை கழியும். 1,200 பவுண்டு சைக்கிளை 12 மாதத் தவணையில் எடுத்தால் மொத்தச் சம்பளத்தில் மாதம் 100 குறையும். ஆனால் 20 சதவீத வரி, 8 சதவீத நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டுகிறவரின் கையில் குறைவது 72தான். மொத்த லாபம் 336 பவுண்டு. 40 சதவீத வரி கட்டுகிறவர்களுக்கு லாபம் 42 சதவீதம் வரை போகும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த 12 மாதமும் சைக்கிள் உங்களுடையது அல்ல, வாடகைக்கு எடுத்தது. முடிவில் சொந்தமாக்க விலை கொடுக்க வேண்டும். அரசு வருவாய்த் துறையின் மதிப்பீட்டு அட்டவணைப்படி, 500 பவுண்டும் அதற்கு மேலும் விலையுள்ள சைக்கிள் ஒரு வருடம் கழித்து 25 சதவீத மதிப்புடையது. நம் கணக்கில் 300 பவுண்டு. லாபம் கிட்டத்தட்ட முழுதும் போய்விட்டது. நான்கு வருடம் கழித்து அதே அட்டவணை 7 சதவீதம்தான் சொல்கிறது, அதாவது 84 பவுண்டு. அதனால் சம்பளக் கழிவு முடிந்த பிறகு வாடகைக் காலத்தை நீட்டித்துக்கொள்ளும் வாய்ப்பு உங்கள் நிறுவனத்தின் திட்டத்தில் இருக்கிறதா, அதற்கு முன்கட்டணம் எவ்வளவு என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வேறு நிபந்தனைகளும் உண்டு. கழிவுக்குப் பிறகு சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது. வேலையை விட்டால் மீதித் தவணை கடைசிச் சம்பளத்தில், வரிச் சலுகை இல்லாமல் பிடிக்கப்படும். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருந்து, சம்பள வரம்புக்கு மிக அருகில் நிற்பவர்கள் மனிதவளத் துறையிடம் முதலில் பேசிவிடுங்கள்; சைக்கிளுக்காக விசாவில் சிக்கல் வேண்டாம். சில நிறுவனங்கள் இந்தத் திட்டத்தை வருடத்தில் ஓரிரு முறைதான் திறக்கின்றன. ஆகவே கோடைக்கு வேண்டுமென்றால் குளிர்காலத்திலேயே விசாரியுங்கள். ஹெல்மெட், விளக்கு, பூட்டு ஆகியவற்றையும் அதே விண்ணப்பத்தில் சேர்க்க முடியும்.

பழையது வாங்குகிறவர்கள் சட்டகத்தின் எண்ணைக் கேளுங்கள். பெரும்பாலும் மிதியச்சின் அடியில் பொறித்திருக்கும். பைக்ரெஜிஸ்டர் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் திருட்டுப் புகார் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கலாம். எண்ணைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் விலை பேசவே வேண்டாம். வாங்கியதும் உங்கள் பெயரில் பதிந்துகொள்ளுங்கள். எண்ணின் புகைப்படத்தையும் ரசீதையும் ஒன்றாக வையுங்கள்; காப்பீட்டில் கேட்கப்போவது இந்த இரண்டையும்தான். வீட்டுக் காப்பீட்டில் சைக்கிள் அடங்கும் என்று அலட்சியமாக இருக்காதீர்கள். ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும், வீட்டுக்கு வெளியே பாதுகாப்பு உண்டா என்ற கேள்வியும் சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும். சைக்கிளிங் யூகே அல்லது பிரிட்டிஷ் சைக்கிளிங் உறுப்பினர் திட்டங்களில், உங்களால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு கிடைக்கிறது. குதிரைகள் வரும் பாதையில் ஓட்டுவதற்கு அது தேவைதான்.

சைக்கிளுக்கு லைசென்ஸோ சாலை வரியோ கிடையாது. ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை, அணியுங்கள். இரவில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் சட்டப்படி கட்டாயம்.

4. டிரெயினில் சைக்கிள்

வார நாட்களில் காலை, மாலை நெரிசல் நேரத்தில் மடிக்காத சைக்கிளை லண்டன் டிரெயின்களில் ஏற்ற விடமாட்டார்கள். வார இறுதியில் ஏற்றலாம், ஆனால் வேறு தொல்லை வரும்: பராமரிப்பு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் டிரெயினுக்குப் பதில் பஸ் விடுவார்கள். அந்த பஸ்ஸில் மடிக்காத சைக்கிளுக்குப் பொதுவாக இடமில்லை. வெள்ளிக்கிழமை இரவு நேஷனல் ரெயில் தளத்தில் போகிற வழியை மட்டுமல்ல, திரும்புகிற வழியையும் பாருங்கள்.

தென்கிழக்கு இங்கிலாந்துக்கான நெட்வொர்க் ரெயில்கார்டு வருடத்துக்கு 35 பவுண்டு. அட்டை வைத்திருப்பவரும் அவருடன் வரும் மூன்று பெரியவர்கள் வரையும் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடியில் போகலாம். நான்கு நண்பர்கள் சேர்ந்து போனால் ஒரே அட்டை போதும். வார இறுதியில் எப்போதும் செல்லும். வார நாட்களில் காலை 10 மணிக்குப் பிறகு, அதுவும் குறைந்தபட்சக் கட்டண வரம்புடன்.

டார்க்கிங்கில் மூன்று ஸ்டேஷன்கள் இருக்கின்றன. வாட்டர்லூ, விக்டோரியா டிரெயின்கள் வருவது ‘டார்க்கிங்’ என்ற ஸ்டேஷனுக்கு. கில்ஃபோர்டு, ரெட்ஹில் பக்க டிரெயின்கள் நிற்பது ‘டார்க்கிங் டீப்டீன்’, ‘டார்க்கிங் வெஸ்ட்’ இரண்டில். டீப்டீன் பிளாட்பாரம் உயரமான கரையின் மேல் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. களைத்துப்போன காலோடு, சேறு அப்பிய சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் படிகளில் ஏறிப் பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று தெரியும். டீப்டீனுக்கும் ‘டார்க்கிங்’ ஸ்டேஷனுக்கும் இடையே சில நிமிட நடைதான். டிக்கெட் வாங்கும்போது பெயரை முழுதாகப் படியுங்கள்.

5. எந்தப் பாதையில் தொடங்குவது

முதல் பயணம் டவுன்ஸ் லிங்க். மூடப்பட்ட ரயில்தடத்தின் மேல் பெரும்பாலும் போகும் இந்தப் பாதை, கில்ஃபோர்டு அருகே செயின்ட் மார்தாஸ் ஹில்லில் ஆரம்பித்துக் கடற்கரையில் ஷோர்ஹாம் வரை 59 கிலோமீட்டர். ரயில்தடம் என்பதால் ஏற்றம் மெல்லியது. பிராம்லியில் சேர்ந்துகொண்டால் பழைய ஸ்டேஷனின் பிளாட்பாரத்தை ஒட்டியே ஓட்டலாம். கிரான்லி வரை போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது முதல் நாளுக்குப் போதும். கிரான்லிக்குத் தெற்கே, பேனார்ட்ஸ் தாண்டியதும் பழைய சுரங்கம் அடைபட்டிருப்பதால் பாதை குன்றின் மேல் செங்குத்தாக ஏறி இறங்குகிறது. முழுப் பாதையில் உண்மையான ஏற்றம் என்றால் இதுதான். கடல் வரை போகிறவர்கள் வழியில் முடியாமல் போனால் கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் ஸ்டேஷனில் டிரெயின் பிடிக்கலாம். தென்மேற்குக் காற்று இங்கே வழக்கம். தெற்கே போகும்போது அது எதிர்த்து வீசும் என்று எதிர்பாருங்கள்.

இரண்டாவது, லீத் ஹில் சுற்று. இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். டார்க்கிங்கிலிருந்து கோல்டுஹார்பர் ஊருக்கு ஏற இரண்டு வழிகள்: காய்ந்த காலத்தில் வுல்வன்ஸ் லேன் என்ற பைவே, ஈரமான காலத்தில் கோல்டுஹார்பர் லேன் என்ற தார்ச்சாலை. வுல்வன்ஸ் லேனில் இருபக்கமும் கரை உயர்ந்து, பாதை பள்ளத்தில் போகும் இடங்கள் உண்டு. வண்டிச் சக்கரங்கள் கீறிய ஆழமான தடத்தில் மழைநீர் தேங்கினால் ஆழம் தெரியாது. ஓரமாகவும் போக முடியாது. கோல்டுஹார்பரிலிருந்து அகலமான காட்டுப்பாதை 294 மீட்டர் உயர லீத் ஹில்லின் உச்சியில் உள்ள கோபுரத்துக்குப் போகிறது. சர்ரேயில் இதைவிட உயரமான இடம் இல்லை. கோபுரத்தின் அடியில் தேநீர் விற்கும் சாளரத்தில் நேஷனல் டிரஸ்ட் (பழைய கட்டடங்களையும் நிலங்களையும் பராமரிக்கும் அறக்கட்டளை) கேக் கிடைக்கும். வார நாட்களில் திறந்திருக்குமா என்று பார்த்துவிட்டுப் போங்கள். அங்கிருந்து மேற்கே இறங்கி ஹோம்பரி செயின்ட் மேரி, பிறகு ஹர்ட்வுட் காட்டின் வண்டிப்பாதைகள் வழியே பீஸ்லேக். பீஸ்லேக் கிராமக் கடையில் விற்கும் சீஸ் ஸ்டிரா என்ற சீஸ் பலகாரத்துக்காகவே சைக்கிளர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நியாயமான வரிசைதான். கடைசியில் கிராமச் சாலைகளில் கோம்ஷால் ஸ்டேஷன். மொத்தம் 20 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும், ஆனால் அரை நாள் பிடிக்கும். கோம்ஷாலில் டிரெயின்கள் அரிது. ஒன்றைத் தவறவிட்டால் நெடுநேரம் உட்கார வேண்டும். லண்டனுக்குத் திரும்ப டீப்டீனில் இறங்கிப் பெரிய ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும்.

மூன்றாவது கோடைக்கு மட்டும்: டார்க்கிங்கிலிருந்து ரான்மோர் ஏறி, முகட்டின் பிரைடில்வேக்கள் வழியே நெட்லி ஹீத், நியூலண்ட்ஸ் கார்னர், பின் மெரோ வழியாகக் கில்ஃபோர்டு. வெள்ளைப்பாறை, சிக்கிமுக்கிக் கல், தெற்கே வீல்டு முழுதும் தெரியும் காட்சி. இரண்டு நாள் மழையில்லாமல் இருந்தால் மட்டும் போங்கள்.

இவை பழகிய பிறகு, வின்செஸ்டரில் தொடங்கி ஸ்டோன்ஹெஞ்சையும் ஏவ்பரியையும் தொட்டு 350 கிலோமீட்டர் சுற்றும் கிங் ஆல்ஃபிரட்ஸ் வே இருக்கிறது. அவசரம் வேண்டாம்.

6. பையில் என்ன

டியூப்லெஸ் டயர் (உள்ளே டியூப் இல்லாதது), அதனுள் சிறு ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம், ஓட்டையை அடைக்கும் ரப்பர் திரி, கைப்பம்ப். சீலன்ட் அடைக்காத பெரிய கிழிசலுக்காக ஒரு டியூபும், உள்ளே வைத்து மடிக்கத் தடித்த பிளாஸ்டிக் துண்டும். 70 கிலோ எடையுள்ளவர் 45 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயரில் சுமார் 30 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்துத் தொடங்கலாம். சாலைச் சைக்கிள் பழக்கத்தில் காற்றை ஏற்றித் தள்ளினால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும்.

சங்கிலி இணைக்கும் சிறு கொக்கி, மழைச் சட்டை, உப்பும் இனிப்புமாய்த் தின்ன ஏதாவது. கைபேசிக்கு முழுச் சார்ஜ். பள்ளத்தாக்குகளில் சிக்னல் மெலிந்துவிடும். பேச முடியாத இடத்திலும் குறுஞ்செய்தி சில சமயம் போகும். அதனால் கிளம்புவதற்கு முன்பே ‘ரெஜிஸ்டர்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் அவசர எண்ணான 999க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, வரும் பதிலை உறுதி செய்து அவசரக் குறுஞ்செய்திச் சேவையில் பதிந்துகொள்ளுங்கள். இலவசம்.

7. பாதையில் மற்றவர்கள்

பிரைடில்வேயில் சைக்கிள்தான் வழிவிட வேண்டும், நடப்பவருக்கும் குதிரைக்கும். இது மரியாதை மட்டுமல்ல, சட்டம். குதிரையைப் பின்னாலிருந்து நெருங்கினால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, ஏறியிருப்பவருக்குக் கேட்கும்படி ‘ஹலோ’ சொல்லுங்கள். மனிதக் குரலைக் கேட்டால் குதிரை அமைதியாக இருக்கும். சத்தமில்லாமல் திடீரென்று பக்கத்தில் முளைக்கும் சைக்கிளைக் கண்டுதான் மிரளும். அவர் கை காட்டிய பிறகு, அகலமாக விலகி, நடைவேகத்தில் கடந்துபோங்கள். வழியில் வரும் வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள். கன்றோடு மாடுகள் நிற்கும் வயலில் இறங்கித் தள்ளிக்கொண்டு, அவற்றுக்கு நடுவே புகாமல் போங்கள்.

8. வீடு திரும்பிய பிறகு

வெள்ளைப்பாறைச் சேறு காய்ந்தால் கெட்டியாகிவிடும், பிரேக் பட்டையையும் தின்றுவிடும். அன்றைக்கே தண்ணீர் ஊற்றிக் கழுவி, சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். அழுத்தமான பீச்சுக்குழாயைச் சக்கர அச்சின் பக்கம் காட்டாதீர்கள்.

மான்கள் உலவும் காடுகள் இவை. வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை உண்ணிகள் அதிகம். குளிக்கும்போது முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களைப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நசுக்காமல், தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுங்கள். மருந்துக் கடையிலும் செல்லப்பிராணிக் கடையிலும் அதற்கென்றே சிறு கொக்கி சில பவுண்டுக்குக் கிடைக்கும். உண்ணிக் கடியால் பரவும் லைம் நோயின் அடையாளமான, வட்டமாகப் பரவும் தடிப்பு பெரும்பாலும் 1 முதல் 4 வாரத்துக்குள் வரும். 3 மாதம் வரைகூடத் தள்ளிப்போகலாம். தெரிந்தால் ஜிபிக்கோ (உங்கள் குடும்ப மருத்துவர்), மருத்துவ ஆலோசனை எண்ணான 111க்கோ அழைத்து, எந்தத் தேதியில் எந்தக் காட்டில் இருந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.